ஆமென் சொல்லும்வரை

புதுக்காலனி,
உத்திரமேரூர் வழி
8.10.2023

மாதாவுக்குத் தோத்திரம்.

பிரியமுள்ள அக்காவுக்குத் தம்பி கலைச்செல்வன் எழுதுவது. நான், பரிமளா, நிஷா மூவரும் மாதாவின் தயவில் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? முழங்காலில் நிற்பதே வேலையாக இருக்கிற மடத்தில் முழங்காலே மக்கர் செய்தால் என்ன செய்வீர்கள் என்று பரிமளா கேட்கிறாள்.

செபமாலை மாதம் என்பதால் தினமும் சாயங்காலம் ஆறரைக்குக் கோயிலைத் திறக்கிறேன். பங்குச்சாமியார் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருகிறார். மற்ற நாளில் சாவி வைத்திருக்கிற நான்தான் செபமும் சொல்ல வேண்டியிருக்கிறது. யாரும் என்னை உபதேசியாராக நியமிக்கவில்லை. கொத்து வேலை முடித்து, கையில் ஒட்டிய சிமெண்டைக் கழுவிக்கொண்டு போய் நிற்கிறேன், அவ்வளவுதான்.

உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். செபமாலையின் முதல் பத்து மணிகளை உருட்டும்வரை மாதா முன்னால் இருக்கிறேன். இரண்டாவது பத்தில் நாளைக்குப் போட வேண்டிய சாரம் ஞாபகம் வருகிறது. உதடு கோயிலில், மனசு ஊர் மேய்கிறது. அது போதாதென்று நிஷா வாசலில் வந்து நிற்பாள். "நைனா, வூட்டுச் சாவி எங்க?" "நைனா, போன் எங்க வச்ச?" பதினான்கு வயசாகிறது, இன்னும் எல்லாவற்றுக்கும் நைனாதான். நான் திரும்பிப் பதில் சொல்வேன். எத்தனையாவது மணி என்பது தவறிவிடும். போன வாரம் பத்து முறை சொல்ல வேண்டிய மங்கள வார்த்தைச் செபத்தைப் பதிமூன்று முறை சொல்லியிருக்கிறேன். "மாதாவுக்குக் கொசுறா?" என்று மேரி அக்கா கேட்டுக் கோயிலே சிரித்தது.

இருபத்திரண்டு வருஷமாக அந்த மடத்தைவிட்டு வெளியே வராமல் செபத்திலேயே இருக்கிறவள் நீ. எப்படி மனசைக் கட்டுகிறாய் என்று எழுது.

உன் தம்பி,
கலைச்செல்வன்

அண்ணி, கீழே எனக்கு எப்போதும்போல இரண்டு வரி விட்டிருக்கிறார். அவருக்குச் செபம் சொல்லிக் கொடுங்கள், குறட்டைக்கும் ஒரு மருந்து சொல்லுங்கள். - பரிமளா


தியான மடம்,
நீலகிரி
22.10.2023

கர்த்தரின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக.

அன்புத் தம்பி கலைக்கு, பரிமளாவுக்கு, நிஷாக் குட்டிக்கு. உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை. பரிமளாவிடம் சொல், முழங்கால் மக்கர் செய்தால் உட்கார்ந்தும் செபிக்கலாம், கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார். குறட்டைக்கு மட்டும் இங்கே மருந்து இல்லை.

நீ வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் இங்கே வந்த முதல் வருஷம், செபக்கூடத்தில் கதவு கிறீச்சிட்டால் திரும்பிப் பார்ப்பேன். எங்களைப் பயிற்றுவித்த மடத்துத் தாயார் ஒருநாள் கூப்பிட்டு, "நீ யார் முன்னால் நிற்கிறாய்? வட்டாட்சியர் முன்னால் மனுவோடு நிற்கும்போது இப்படித் திரும்புவாயா?" என்று கேட்டார். அன்றோடு விட்டேன்.

உனக்கு ஒரு வழி சொல்கிறேன். பெரிய தியானமெல்லாம் வேண்டாம். சிலுவை அடையாளம் போட்டதிலிருந்து கடைசி ஆமென் சொல்லும்வரை கதவுப் பக்கம் திரும்பாதே. போனை அணைத்துப் பெட்டியில் வை. யார் கூப்பிட்டாலும் காது கேட்காதவன்போல இரு. உடம்பைத் திருப்பாமல் பழகினால் மனசும் மெல்லத் திரும்பாமல் பழகும். உன்னைக் கூப்பிடுகிறவர்களுக்கும் சொல்லி வை. நிஷா பெரிய பெண், காத்திருக்கக் கற்றுக்கொள்ளட்டும். காத்திருப்பதும் செபம்தான்.

கிறிஸ்துமஸுக்கு முன்வரும் திருவருகைக் காலத்திலும் ஈஸ்டருக்கு முன்வரும் தவக்காலத்திலும் எங்களுக்குக் கடிதங்கள் தரமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஒரு வரி எழுது.

உங்களை மறவாத,
பிரிஸ்கில்லா


புதுக்காலனி
19.11.2023

மாதாவுக்குத் தோத்திரம்.

பிரியமுள்ள அக்காவுக்கு. எல்லோரும் சுகம். ஏரி நிரம்பிக் கலங்கலைத் தொட்டுவிட்டது, நடவு மும்முரம். கொத்து வேலை கொஞ்சம் மந்தம்.

நீ சொன்னபடியே செய்தேன். முதல் நாளே சோதனை. மூன்றாவது பத்தில் நிஷா வாசலில் வந்து "நைனா" என்றாள். நான் திரும்பவில்லை. "நைனா, நைனா" என்று நாலுதரம். பிறகு உள்ளே வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். செபம் முடிந்ததும் எல்லோர் எதிரிலும் திட்டிவிட்டேன். "கோயில்ல நான் உன் நைனா இல்ல. சாமி கிட்ட பேசிக்கினு கீறவன இழுக்கறியே, அறிவு கீதா? ஆமென் சொல்ற வரைக்கும் வெளிய நில்லு. வூடே பத்திக்கினு எரிஞ்சாலும் நில்லு." அவள் அழுதுகொண்டு போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பரிமளாவும் ஒரு நாள் பேசவில்லை, ஆனால் சோறு போட்டாள்.

இப்போது பார்க்க வேண்டும் நீ. வந்தால் வாசலுக்கு வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் நிற்கிறாள். அவள் நிற்பது எனக்கு முதுகில் தெரியும். திரும்பமாட்டேன். இடது கையை மட்டும் பின்னால் காட்டுவேன், "இரு" என்று. அவள் இருப்பாள். அக்கா, உண்மையாகச் சொல்கிறேன், ஐந்து பத்தும் முழுசாக மாதா முன்னால் இருந்தேன். முடியும்போது கண் கலங்கிவிட்டது. நாற்பது வயசில் இப்போதுதான் செபம் என்றால் என்னவென்று பிடிபட்டிருக்கிறது.

உன் தம்பி,
கலைச்செல்வன்

அண்ணி, கோயிலில் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாராம். வீட்டில் தட்டு வைக்கிற சத்தத்துக்கு மட்டும் நல்லாத் திரும்புகிறார். - பரிமளா


தியான மடம்
5.1.2024

பிறந்த பாலன் உங்கள் மூவரையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புத் தம்பிக்கு. உன் கடிதத்தைக் கிறிஸ்துமஸ் அன்றுதான் கையில் கொடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் மடத்துத் தாயாரின் அனுமதியோடு எல்லாச் சகோதரிகளுக்கும் வாசித்துக் காட்டினேன். பரிமளாவின் தட்டுச் சத்தத்துக்குப் பதினொரு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் தாயார், "அந்தப் பெண் குழந்தை வெளியே நிற்கிறாளே, அதுதான் பெரிய காணிக்கை" என்றார்.

நிஷாவுக்குக் கழுத்தில் போட்டுக்கொள்ள நான் தைத்த உத்தரியம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு வயதில் அவளைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வந்தபோது, சந்திப்பு அறையின் கம்பிக்கு நடுவே விரலை நீட்டி என் மூக்கைத் தொட்டாளே, அந்த விரலைத்தான் தைக்கும்போதெல்லாம் நினைத்தேன். அவளிடம் சொல், அத்தை அவளைப் பற்றிப் பெருமைப்படுகிறாள் என்று.

உங்களுக்காக வேண்டும்,
பிரிஸ்கில்லா


புதுக்காலனி
4.2.2024

மாதாவுக்குத் தோத்திரம்.

பிரியமுள்ள அக்காவுக்கு. சுகம். அறுப்பு முடிகிற நேரம், ஊரெல்லாம் வைக்கோல் தூசி, எல்லோருக்கும் தும்மல். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முன்னால் உன் கைக்கு வர வேண்டுமே என்று அவசரமாக எழுதுகிறேன்.

உத்தரியத்தை நிஷா கழற்றுவதே இல்லை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு முறை என்று எல்லோருக்கும் கஞ்சி ஊற்றுகிற வழக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். இந்த வருஷம் எங்கள் முறை மார்ச் எட்டாம் தேதி. பரிமளா இப்போதே பக்கத்து வீட்டுச் சேட்டுவிடம் அண்டா கேட்டு வைத்துவிட்டாள். சிலுவைப்பாதையின் பதினான்கு நிலையையும் ஒரு தடவைகூடத் திரும்பாமல் முடிப்பது என்று இந்தத் தவக்காலத்துக்கு வேண்டுதல் வைத்திருக்கிறேன். ஈஸ்டர் முடிந்து சொல்கிறேன்.

உன் தம்பி,
கலைச்செல்வன்

அண்ணி, அவர் பதினான்கு நிலையும் முடிப்பதற்குள் என் கஞ்சி ஆறிப்போகும். நீங்கள் வெளியே வரமுடிந்தால் ஒரு டம்ளர் உங்களுக்கும் எடுத்து வைப்பேன். - பரிமளா


புதுக்காலனி
7.4.2024

அக்காவுக்கு.

ஈஸ்டர் வாழ்த்துகள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே இருக்கிறபடி இருக்கிறோம். நிஷா பரீட்சை எழுதினாள். வெயில் ஆரம்பித்துவிட்டது. ஏரியில் பாதித் தண்ணீர் இருக்கிறது. பெரிய வெள்ளிக்குச் சாமியார் வந்திருந்தார்.

பதினான்கு நிலையையும் திரும்பாமல் முடித்தேன். சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதற்காகச் சொல்கிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். செபத்தில் இருக்கும்போது ஒருவர் கூப்பிட்டால், அது சாத்தானின் சோதனையா வேறு எதுவுமா என்று திரும்பிப் பார்க்காமலே எப்படித் தெரிந்துகொள்வது? உங்கள் மடத்தில் இதற்கு ஏதாவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா?

பரிமளாவுக்காக வேண்டிக்கொள்.

கலைச்செல்வன்


தியான மடம்
22.4.2024

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உங்களுக்கு.

அன்புத் தம்பி கலைக்கு. நான் சுகம். உன் கடிதம் இந்த முறை கல்லுக் கடித்த சோறு மாதிரி இருந்தது. ஏன் இத்தனை சுருக்கம்? கீழே பரிமளாவின் இரண்டு வரி எங்கே? இடம் விட்டிருக்கிறாய், அவள் எழுதவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவளுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாய், என்னவென்று சொல்லவில்லை. காய்ச்சலா, கர்ப்பப்பைக் கோளாறா? என் பேரில் ஏதாவது வருத்தமா? தாயாரிடம் சொன்னேன். பதினொரு பேரும் அவள் உடல்நலத்துக்காக ஆரோக்கிய மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள் தொடங்கியிருக்கிறோம். நாளையோடு முடிகிறது. குணமானதும் இரண்டு வரி அவள் கையாலேயே எழுதச் சொல்.

நீ கேட்ட கேள்விக்கு: யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே தேவையில்லை. நல்லது எதுவாக இருந்தாலும் அது ஆமென்வரை காத்திருக்கும். காத்திருக்க முடியாதது எதுவும் கடவுளிடமிருந்து வருவதில்லை. இதை மனசில் எழுதிவைத்துக்கொள்.

நிஷாவுக்கு என் முத்தங்கள்.

பிரிஸ்கில்லா


புதுக்காலனி
30.6.2024

அன்புள்ள அத்தைக்கு, நிஷா எழுதுகிறேன். நீங்கள் சுகமா? இதுதான் நான் உங்களுக்கு எழுதுகிற முதல் கடிதம். தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. நைனா அதைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறார். பதில் எழுதுவார் என்று பார்த்தேன். எழுதவில்லை. நேற்று எடுத்துப் படித்தேன். அம்மாவுக்கு உடம்பு நலமாக நவநாள் செய்தீர்கள் என்று இருந்தது. யாராவது உங்களுக்குச் சொல்ல வேண்டும் இல்லையா? அதனால் எழுதுகிறேன்.

அம்மா இறந்துவிட்டார்கள் அத்தை. மார்ச் எட்டாம் தேதி, எங்கள் வீட்டுக் கஞ்சி அன்றைக்கு.

காலனி முழுக்கக் கோயிலில் இருந்தது. நானும் அம்மாவும் மட்டும் வீட்டில். பின்பக்கம் அண்டா அடுப்பில் இருந்தது. அம்மா விறகுக் குவியலில் கை விட்டு இழுத்தார்கள். "ஏதோ கீச்சிடுச்சிடி" என்று விரலைச் சப்பினார்கள். இரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து வயிறு வலிக்கிறது, கண் இழுக்கிறது என்றார்கள். "நைனாகிட்ட வண்டி சாவி வாங்கினு வா, எதுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டிக்கினு வந்துரலாம். நடுவுல கூப்டாதடி, உன்ன மறுபடி திட்டப் போறாரு, முடிஞ்சதும் கேளு" என்றார்கள்.

நான் ஓடினேன். எட்டாம் நிலை நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று ஒரே தரம், மெதுவாக, "நைனா" என்றேன். நைனா திரும்பவில்லை. இடது கையைப் பின்னால் காட்டினார். நான் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு. பிறகு சாமியாருக்காக ஒரு செபம், மழைக்காக ஒரு செபம். மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு நைனா வெளியே வந்தார். என் தலையில் கை வைத்து, "இப்பதாண்டி நீ என் புள்ள" என்றார். அதற்கப்புறம்தான் "இன்னா?" என்று கேட்டார்.

நாங்கள் போனபோது அம்மா அடுப்புப் பக்கத்தில் படுத்திருந்தார்கள். கண்ணைத் திறக்க முடியவில்லை. பேச்சு குழறியது. சேட்டு மாமா விறகைக் கலைத்துப் பார்த்தார். உள்ளே கட்டுவிரியன் பாம்பு. உத்திரமேரூரில் ஊசி போட்டுச் செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. கடித்து எவ்வளவு நேரம் ஆச்சு என்று உத்திரமேரூரில் டாக்டர் கேட்டபோது நைனா "இப்பதான் சார்" என்றார். நான் "ஒரு மணி நேரம்" என்றேன். நைனா என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள் அத்தை. நான் உள்ளே ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டுமா? காத்திருப்பதும் செபம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் நின்றது செபமா?

நான் எழுதியது நைனாவுக்குத் தெரியாது.

நிஷா


புதுக்காலனி
25.8.2024

அத்தைக்கு, நிஷா.

நான் எழுதிய கடிதம் கிடைத்ததா? தபாலில் தொலைந்துபோயிருந்தால் மறுபடி எழுதுகிறேன். கிடைத்திருந்தால் ஒரு வரி போதும். முழங்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிஷா


தியான மடம்
2.11.2024
கல்லறைத் திருநாள்

நிஷாவுக்கும் கலைக்கும்.

நலம் கேட்டு எழுதும் துணிச்சல் எனக்கு இல்லை.

நிஷா, உன் கடிதம் ஜூலை முதல் வாரமே கிடைத்தது. நாலு மாதமாக ஒரு பிள்ளையைக் காக்க வைத்திருக்கிறேன். மறுபடியும். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் உபதேசமே வந்தது. கடவுளின் சித்தம், துன்பத்தின் மகிமை, விண்ணகத்தில் சந்திப்போம். எழுதி எழுதிக் கிழித்தேன். இத்தனை வருஷம் செபித்தவளின் கையில் ஒரு நேரான வார்த்தை இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

நீ கேட்டதற்குப் பதில். உன் பேரில் தப்பு இல்லை. நிற்கச் சொன்னார்கள், நின்றாய். நிற்கச் சொன்னவன் உன் நைனா. அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். நீ நின்றது செபமா என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. செபம் என்று சொன்னால் அந்தச் செபத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தவர் யார் என்று கேட்க வேண்டிவரும். அந்தக் கேள்வியோடு நான் பீடத்தின் முன்னால் நிற்கிறேன்.

கலை, நாங்கள் பதினொரு பேரும் ஒன்பது நாள் முழங்காலில் நின்று, ஒன்றரை மாதத்துக்கு முன்பே மண்ணுக்குள் போனவளுக்கு உடல்நலம் கேட்டோம். ஒன்பதாம் நாள் முடிவில் எனக்கு மனசில் பெரிய சமாதானம் வந்தது. பரிமளா தேறிவிட்டாள் என்று நம்பினேன். அந்தச் சமாதானத்தை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. இங்கே இருந்த இத்தனை வருஷத்தில் என்னை யாரும் கதவருகே வந்து கூப்பிட்டதில்லை. அடுப்பில் கஞ்சி வைத்தவர் எனக்கு யாருமில்லை. சாவி கேட்டு வரப் பிள்ளை இல்லை. எனக்குச் சுலபமாக இருந்த ஒன்றை, பெண்டாட்டி பிள்ளை உள்ளவனுக்குச் சட்டமாக எழுதி அனுப்பினேன். மதில்மேல் இருந்துகொண்டு கிணற்றில் இறங்குகிறவனுக்கு வழி சொன்னேன்.

தாயாரிடம் கேட்டிருந்தால் ஊருக்கு வந்துபோக அனுமதி கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது எனக்குச் செபத்தில் கவனம் சிதறுவதே இல்லை. கண்ணை மூடினால் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை நிற்கிறாள். வேறு எதுவும் தெரிவதில்லை.

பிரிஸ்கில்லா


புதுக்காலனி
24.11.2024

அக்காவுக்கு.

உன் கடிதம் வந்தது. நிஷா எழுதினாள் என்பது அதைப் பார்த்துத்தான் தெரியும். அவளைக் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், சோறு அவள் ஆக்குகிறாள், நான் சாப்பிடுகிறேன். தட்டு வைக்கிற சத்தம் கேட்டாலே பரிமளா உனக்கு எழுதியது ஞாபகம் வருகிறது.

உன்மேல் பழி போட மனசு வராமல்தான் மறைத்தேன் என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை. பழி போட மனசு நிறைய இருந்தது. நாலு தடவை எழுதினேன், நாலும் வசவு. கடைசியில் உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தால், நீ "திரும்பாதே" என்றுதான் எழுதியிருக்கிறாய். வீடே பற்றி எரிந்தாலும் நில் என்று பிள்ளைக்குச் சொன்னவன் நான். அது என் சொந்தச் சரக்கு. அதற்குமேல் உன்னைத் திட்டத் தெம்பில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவள் "நைனா" என்றது நன்றாகவே காதில் விழுந்தது. குரல் நடுங்கியதும் தெரிந்தது. தெரிந்தேதான் கையைக் காட்டினேன். காலனியே பார்த்துக்கொண்டிருக்கிறது, வேண்டுதலில் இன்னும் ஆறு நிலை பாக்கி. நான் அப்போது ஆண்டவரை நினைக்கவில்லை அக்கா. என்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை அழகாகச் செபிக்கிறான் கலைச்செல்வன் என்று.

இப்போது செபம் சொல்ல நின்றால் ஆடு கத்தினாலும் திரும்புகிறேன். பல்லி சத்தமிட்டால்கூட. ஒரு மங்கள வார்த்தை முழுசாக முடிவதில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது சிரிப்பதில்லை, தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அதனால் சாவியை மேரி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவர்தான் படிக்கிறார். நான் கடைசி வரிசையில், கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். நிஷா மார்ச்சிலிருந்து கோயில் பக்கமே வரவில்லை. உத்தரியத்தையும் கழற்றி அம்மா படத்தில் மாட்டிவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கலைச்செல்வன்


புதுக்காலனி
8.3.2025

அக்காவுக்கு.

இன்றைக்கு ஒரு வருஷம். காலையில் கல்லறைக்குப் போய்வந்தேன். தவக்காலம் தொடங்கிவிட்டது, இதை உன் கையில் ஈஸ்டருக்குத்தான் தருவார்கள் என்று தெரியும். இருந்தாலும் இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

நேற்று தவக்காலத்தின் முதல் வெள்ளி. பரிமளாவின் வருஷ நினைவுக்காகச் சிலுவைப்பாதையை நானே சொல்ல வேண்டும் என்று மேரி அக்கா புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டார். கஞ்சியும் அவர் வீட்டிலிருந்துதான். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. முதல் நிலையிலிருந்தே எல்லாச் சத்தத்துக்கும் திரும்பினேன். தடுமாறித் தடுமாறி ஏழு நிலை வந்தது.

எட்டாம் நிலைக்கு எல்லோரும் முழங்கால் போட்டார்கள். வெளியே மண்ணில் ஒரு காலடி. யாரும் கூப்பிடவில்லை, வெறும் காலடிதான். ஆனால் யாருடையது என்று முதுகுக்குத் தெரிந்தது. புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு, முழங்காலில் நிற்கிறவர்களுக்கு நடுவே ஓடினேன். சேட்டுவின் கையை மிதித்தேன். நிஷா செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"இன்னாம்மா? இன்னா ஆச்சி? சொல்லு" என்றேன். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டது அதுதான்.

"ஒண்ணும் இல்ல நைனா. சும்மா வந்தேன். நீ போயி முடி" என்றாள்.

நான் போகவில்லை. அவள் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றேன். உள்ளே மேரி அக்கா புத்தகத்தை எடுத்து மீதி நிலைகளைப் படித்தார். எட்டிலிருந்து பதினான்கு எத்தனை நேரம் என்று நேற்றுதான் எனக்குத் தெரிந்தது அக்கா. கால் கடுத்துப்போய்விட்டது. அத்தனை நேரம் ஒரு பிள்ளை நின்றிருக்கிறாள். நான் ஒரு வார்த்தைகூடச் செபிக்கவில்லை. ஆமென் கேட்டதும் வீட்டுக்கு வந்தோம். கஞ்சி வாங்கவில்லை.

திரும்ப வேண்டிய நாளில் திரும்பாமல், கேட்க ஒன்றுமில்லாத நாளில் திரும்பியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

கீழே இரண்டு வரி இடம் விட்டே பழகிவிட்டது. வெறுமையாக அனுப்ப மனசில்லாமல் நிஷாவிடம் நீட்டி, எழுதி நீயே ஒட்டிப் போட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன். அவள் எழுதுவதை நான் பார்க்கப் போவதில்லை.

கலைச்செல்வன்

அத்தை, நேற்று நான் கூப்பிடவே இல்லை, காலடிச் சத்தத்துக்கே நைனா எழுந்து ஓடிவந்துவிட்டார். அன்றைக்கு ஒரே தரம்தான் கூப்பிட்டேன். இரண்டாம் தரம் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். - நிஷா